வராத இதழ் எதுன்னு தெரியணும்: கோஹாவுல பத்திரிகைச் சந்தாவை நடத்துறது எப்படி

போன வருசம் மே மாசம், மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில கெடக்கு. தங்கச்சிமடத்துல இருந்து ஒரு பொண்ணு லைப்ரரிக்கு வந்துச்சு, குரூப் டூ எக்ஸாமுக்குப் படிக்குது. "மேடம், போன ஆகஸ்ட் மாச இதழ் வேணும், அதுல ஒரு கட்டுரை இருக்காம்"னு ஒரு மாத இதழ் பேரைச் சொல்லிக் கேட்டுச்சு. ராக்குல போய்ப் பார்த்தேன், ஜூலை இருக்கு, செப்டம்பர் இருக்கு, நடுவுல ஆகஸ்ட் இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஜூலை இதழ் வந்த தேதி ஒரு வரி, அதுக்கு நேர் கீழேயே செப்டம்பர் இதழ் வந்த தேதி, ரெண்டும் என் கையெழுத்துதான். அந்த ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு இதழ் காணாமப் போயிருக்குன்னு அந்தப் பக்கத்தைப் பார்த்தா யாருக்கும் தெரியாது. ஏஜென்டுக்கு போன் போட்டா, "ஒம்போது மாசம் கழிச்சுக் கேட்டா எங்கே மேடம் போறது, வரலைன்னா அந்த மாசமே சொல்லியிருக்கலாம்ல"ன்னாரு. அவரு சொன்னது நியாயம். பாலம் தாண்டி பஸ்ல வந்த பிள்ளைய வெறுங்கையோட அனுப்பினது எனக்கு ரொம்ப நாள் உறுத்திட்டே இருந்துச்சு.

ரிஜிஸ்டருக்கு வந்தது மட்டும்தான் தெரியும், வராதது அதுக்குத் தெரியாது. சந்தா விஷயத்துல நமக்கு வேண்டியது வராததோட கணக்கு. பழைய கார்டெக்ஸ் வச்சிருந்தவங்களுக்கு இது புரியும், அட்டையில மாசத்துக்கு ஒரு கட்டம் இருக்கும், காலியா இருக்குற கட்டம் கண்ணை உறுத்தும். கோஹாங்கிற லைப்ரரி சாஃப்ட்வேர்ல பத்திரிகைக்குன்னு இருக்குற சீரியல்ஸ் மாட்யூல் பண்றதும் அதே வேலைதான், ஆனா கட்டத்தை அதுவே முன்கூட்டிப் போட்டு வச்சு, நாள் தாண்டினா அதுவே சொல்லும். நம்ம பக்கத்துல நிறைய லைப்ரரில கோஹா இருக்கு, ஆனா புக்கு ஏத்துறதுக்கும் இஷ்யூ ரிட்டனுக்கும் மட்டும்தான் தொடுறாங்க, சீரியல்ஸ் பக்கம் போறதே இல்லை, குழப்பமா இருக்குன்னு விட்டுடுறாங்க. அந்தக் குழப்பம் எங்கெங்க வரும்னு எனக்குத் தெரியும், நான் எல்லாத்துலயும் மாட்டி வெளிய வந்தவ, அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன்.

கோஹா தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நியூசிலாந்துல ஹொரொவெனுவாங்கிற சின்ன ஊர்ப்பகுதி லைப்ரரிக்காக 1999-ல எழுதின சாஃப்ட்வேர், 2000 ஜனவரில ஓட ஆரம்பிச்சுது. மவோரி மொழில கோஹான்னா அன்பளிப்புன்னு அர்த்தம், காசு கிடையாது, யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம். உங்ககிட்ட சோல், இ-கிரந்தாலயா மாதிரி வேற லைப்ரரி சாஃப்ட்வேர் இருந்தாலும் பரவாயில்லை, பட்டன் பேருதான் வேற வேற, கணக்கு ஒண்ணுதான்.

முதல்ல கம்ப்யூட்டர்கிட்ட போகாதீங்க. ஒவ்வொரு பத்திரிகைலயும் கடைசியா வந்த ரெண்டு மூணு இதழை மேஜைல பரப்பி வைங்க, ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க: ஐஎஸ்எஸ்என் (ஒவ்வொரு பத்திரிகைக்கும் இருக்குற எட்டு இலக்க அடையாள எண்) என்ன, தொகுதி எண் என்ன, இதழ் எண் என்ன, அட்டைல என்ன தேதி போட்டிருக்கான், இதழ் எண் வருசா வருசம் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குதா இல்ல ஓடிக்கிட்டே இருக்கா. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாம சந்தா போட்டீங்கன்னா பின்னாடி எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திரும்பப் போடணும்.

அடுத்தது கேட்டலாக் ரெக்கார்டு. ஒரு பத்திரிகைக்கு ஒரே ஒரு ரெக்கார்டு, எத்தனை வருசம் வந்தாலும் எத்தனை இதழ் வந்தாலும் ஒண்ணே ஒண்ணு. நிறைய இடத்துல நான் பார்க்குற பெரிய தப்பு இதுதான், ஜனவரி இதழுக்கு ஒரு ரெக்கார்டு, பிப்ரவரி இதழுக்கு ஒரு ரெக்கார்டுன்னு புக்கு மாதிரி ஏத்தி வச்சிருப்பாங்க, தேடினா ஒரே பேருல நூறு வரி வந்து நிக்கும், வாசகர் அதுல எதைப் பார்ப்பாரு. புது ரெக்கார்டு போடும்போது சீரியல்ஸ்னு ஒரு ஃப்ரேம்வொர்க் இருக்கும், அதை எடுங்க. அதுல ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ஃபீல்டு எண் உண்டு: 245-ல தலைப்பு, 022-ல ஐஎஸ்எஸ்என், 310-ல எவ்வளவு நாளைக்கு ஒருக்கா வருதுன்னு, 362-ல எந்தத் தொகுதில எந்த வருசம் ஆரம்பிச்சுதுன்னு. பத்திரிகை பேரு மாறிடுச்சுன்னா மட்டும் புது ரெக்கார்டு, பழசுல 785, புதுசுல 780 போட்டு ரெண்டையும் கோர்த்துடுங்க. எகனாமிக் வீக்லின்னு 1949-ல ஆரம்பிச்சது 1966-ல எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லின்னு ஆச்சு, அந்த மாதிரி கேஸுக்கு. பழைய பேரைத் தேடுறவங்களும் சரியான ராக்குக்கு வந்து சேரணும்ல.

அப்புறம் வெண்டர். அக்விசிஷன்ஸ்ல போய் உங்க ஏஜென்டையோ, நேரா சந்தா கட்டுறீங்கன்னா அந்தப் பதிப்பாளரையோ சேருங்க. இங்க ஒரு சின்ன விஷயத்தை எல்லாரும் விட்டுடுறாங்க. வெண்டருக்குக் கீழ கான்டாக்ட்னு ஒரு ஆளைச் சேர்க்கணும், ஈமெயிலோட, அந்த ஆளுக்கு நேரா "கான்டாக்ட் அபவுட் லேட் இஷ்யூஸ்"னு ஒரு டிக் இருக்கும், அதைப் போடணும். போடலைன்னா பின்னாடி க்ளெய்ம் மெயில், அதாவது வராத இதழைக் கேக்குற மெயில், அனுப்பும்போது போகவே போகாது. நான் இதுக்காக மெயில் சர்வர் செட்டிங் எல்லாம் ரெண்டு நாள் நோண்டியிருக்கேன், கடைசில பார்த்தா இந்த ஒரு டிக்தான்.

இப்ப சந்தா. சீரியல்ஸ்ல "நியூ சப்ஸ்கிரிப்ஷன்" அழுத்துங்க, ரெண்டு பக்கமா ஃபார்ம் வரும். முதல் பக்கத்துல வெண்டர், ரெக்கார்டு, எந்த லைப்ரரி, எந்த லொகேஷன், கால் நம்பர், இதெல்லாம் பார்த்தாலே புரியும். யோசிச்சுப் போட வேண்டியது மூணுதான்.

ஒண்ணு, இதழ் வந்ததும் அந்த ஒரு பிரதிக்குன்னு தனியா ஐட்டம் ரெக்கார்டு உருவாகணுமா வேண்டாமான்னு கேக்கும். இதழை வெளிய கொடுக்குறீங்க, பார்கோடு ஒட்டுறீங்கன்னா வேணும்னு போடுங்க. ரீடிங் ரூம்லயே படிச்சுட்டு வச்சுட்டுப் போற வார இதழுக்கு வேண்டாம், வருசத்துக்கு 52 ஐட்டம் சேரும், அப்புறம் ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லணும். நான் ஆராய்ச்சி ஜர்னலுக்கும் போட்டித் தேர்வு மாத இதழுக்கும் மட்டும் ஐட்டம் போடுறேன். புது இதழ் லைப்ரரிலயே இருக்கணும், அடுத்த இதழ் வந்ததும் பழசை வீட்டுக்குக் கொடுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு, "மேக் ப்ரீவியஸ் சீரியல் அவைலபிள்"னு சிஸ்டம் ப்ரிஃபரன்ஸ்ல ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணினா புது இதழை ரிசீவ் பண்ற நேரத்துலயே முந்தின இதழ் தானா கடனுக்குத் திறந்துடும். எங்க பிள்ளைகளுக்கு இது பெரிய உபகாரமா இருக்கு.

ரெண்டாவது, ஒழுங்கு தப்பி இதழ் வந்தா எண்ணை என்ன பண்றதுன்னு கேக்கும், ஸ்கிப்பா கீப்பான்னு. ஜூன்-ஜூலை சேர்த்து ஒரே இதழா வந்து, அடுத்தது 8-ன்னு வந்தா எண்ணைத் தாண்டிப் போகணும், ஸ்கிப். அடுத்தது 7-ன்னே வந்தா எண் தொடரணும், கீப். மேஜைல பரப்பின இதழைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

மூணாவது க்ரேஸ் பீரியட். வர வேண்டிய தேதி தாண்டி எத்தனை நாள் பொறுக்கலாம்னு. இதை சும்மா விட்டுடாதீங்க, இந்த எண்ணுதான் பின்னாடி லேட் லிஸ்ட்டைத் தீர்மானிக்கும். நான் வார இதழுக்கு 7 நாள், மாத இதழுக்கு 15 நாள், காலாண்டு ஜர்னலுக்கு 45 நாள் வச்சிருக்கேன். ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்தும் மழையும் அடிச்சா நம்ம கரைக்கு எது வர்றதும் பிந்தும், அதையும் சேர்த்துக்கோங்க. ரொம்பக் கம்மியா வச்சா தினமும் லேட் லிஸ்ட் நீளமா வந்து நிக்கும், நீங்க பார்க்குறதையே விட்டுடுவீங்க. ரொம்பக் கூட வச்சா எனக்கு ஆகஸ்ட் இதழ்ல நடந்ததுதான் நடக்கும்.

ரெண்டாவது பக்கம்தான் எல்லாரையும் பயமுறுத்துறது. முதல் இதழோட தேதி, எவ்வளவு நாளைக்கு ஒருக்கா, எத்தனை இதழ், எண் எப்படி ஓடுது. ஒரு உதாரணத்தை முழுசா பிடிச்சுப் போட்டுக் காட்டுறேன், இது ஒண்ணு புரிஞ்சா மத்தது எல்லாம் தானா வரும்.

கரன்ட் சயின்ஸ் எடுத்துக்குவோம், ஐஎஸ்எஸ்என் 0011-3891. மாசத்துக்கு ரெண்டு இதழ், 10-ஆம் தேதி ஒண்ணு, 25-ஆம் தேதி ஒண்ணு. வருசத்துக்கு 24 இதழ், ஆனா தொகுதி வருசத்துக்கு ரெண்டு, 12 இதழுக்கு ஒருக்கா தொகுதி எண் ஏறும், இதழ் எண் திரும்ப 1 ஆகும். 2025 ஜனவரி 10 இதழ் தொகுதி 128, எண் 1. ஜூலை 10 இதழ் தொகுதி 129, எண் 1.

இதுக்கு ஃப்ரீக்வென்சி பட்டியல்ல "1/2 வீக்ஸ்" இருக்குன்னு அதைத் தேர்ந்தெடுத்தீங்கன்னா போச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னா 14 நாளைக்கு ஒண்ணு, வருசத்துக்கு 26 ஆகுது, நம்ம இதழ் 24. ஜனவரில ஒரு நாள் ரெண்டு நாள் வித்தியாசம்தான் இருக்கும், கண்டுக்க மாட்டீங்க, வருசக் கடைசிக்குள்ள ரெண்டு இல்லாத இதழை வரலை வரலைன்னு சாஃப்ட்வேர் கத்திக்கிட்டு இருக்கும், நீங்களும் ஏஜென்டைக் கேப்பீங்க, அவரு அப்படி ஒரு இதழே இல்லைம்பாரு. நம்ம ஊர்ல மாசம் ரெண்டு இதழ்னு வர்ற எல்லாத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால "மேனேஜ் ஃப்ரீக்வென்சீஸ்"ல போய் புதுசா ஒண்ணு உருவாக்குங்க, பேரு "மாதம் இருமுறை", யூனிட் மந்த், இஷ்யூஸ் பெர் யூனிட் 2, யூனிட்ஸ் பெர் இஷ்யூ 1. இப்ப முதல் இதழ் தேதி ஜனவரி 10-ன்னு கொடுத்தா அடுத்தது 25, அதுக்கடுத்து பிப்ரவரி 10-ன்னு சரியா விழும்.

சந்தா நீளம் 24 இஷ்யூஸ்னு கொடுங்க. மாசக் கணக்குலயும் கொடுக்கலாம், ஆனா நாம காசு கட்டுறது இதழ் எண்ணிக்கைக்கு, அதனால எண்ணிக்கைல வச்சாத்தான் கடைசில ஏஜென்டோட உக்காந்து கணக்குப் பார்க்க வசதி.

நம்பரிங் பேட்டர்ன்ல "வால்யூம், நம்பர்" எடுத்துட்டு, கீழ பேட்டர்னைத் திறந்து பாருங்க, எக்ஸ், ஒய்னு ரெண்டு பத்தி இருக்கும். எக்ஸ் தொகுதி, ஒய் இதழ் எண். ஒய் ஒவ்வொரு இதழுக்கும் 1 கூடணும், 12-ஐத் தாண்டினா திரும்ப 1 ஆகணும். எக்ஸ் 12 இதழுக்கு ஒருக்கா 1 கூடணும். அவ்வளவுதான், ஸ்கூட்டர் மீட்டர்ல ஒன்றாம் இடம் சுத்தி முடிஞ்சதும் பத்தாம் இடம் ஒண்ணு நகருதுல்ல, அதேதான். ஆரம்ப எண் எக்ஸ்ல 128, ஒய்ல 1. பேட்டர்னை மாத்தினதும் வேற பேருல சேவ் பண்ணுங்க, இல்லைன்னா அதே பேட்டர்னை வச்சிருக்குற மத்த பத்திரிகையும் சேர்ந்து மாறிடும்.

இன்னர் கவுன்டர்னு ஒரு கட்டம் இருக்கும், அதை யாரும் தொடுறதில்லை, நடு வருசத்துல சந்தா ஏத்துறவங்க கண்டிப்பாத் தொடணும். மார்ச் 10 இதழ்ல இருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறீங்கன்னா அது எண் 5, ஒய்ல 5 போடுவீங்க சரி, ஆனா தொகுதிக்கு எப்படித் தெரியும் ஏற்கெனவே நாலு இதழ் போயிடுச்சுன்னு? அதனால எக்ஸோட இன்னர் கவுன்டர்ல 4 போடணும். போடாம விட்டா இன்னும் 12 இதழ் முடிஞ்ச அப்புறம்தான் தொகுதியை ஏத்தும், எண்ணெல்லாம் கோணிப் போயிடும்.

எல்லாம் போட்டுட்டு சேவ் பண்றதுக்கு முன்னாடி "டெஸ்ட் ப்ரெடிக்ஷன் பேட்டர்ன்" அழுத்துங்க. 24 வரியும் தேதியோட எண்ணோட பக்கத்துல வந்து நிக்கும். அதுல ஜூலை 10 வரியைப் பாருங்க, 129, எண் 1-ன்னு இருந்தா சரி. இல்லைன்னா எங்கேயோ தப்பு, திரும்பப் போய்த் திருத்துங்க. இந்த பட்டனை அழுத்தாம சந்தாவை சேவ் பண்றவங்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன், ஒரு நிமிசம் ஆகும், அழுத்திப் பாருங்க. அந்தப் பட்டியல்லயே ஒவ்வொரு வரிக்கும் நேரா "நாட் பப்ளிஷ்டு"ன்னு டிக் இருக்கும், வராத மாசம் முன்கூட்டியே தெரிஞ்சா அங்கேயே குறிச்சுடலாம்.

மத்ததெல்லாம் இதைவிடச் சுலபம். இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ் வருசம் ஒரு தொகுதி, நாலு இதழ், ஒய் 4-ஐத் தாண்டினா 1, எக்ஸ் நாலுக்கு ஒருக்கா 1. மரைன் பயாலஜிக்கல் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவோட ஜர்னல் வருசத்துக்கு ரெண்டு. 1947-ல ஆரம்பிச்ச மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட தலைமையிடம் ரொம்ப வருசம் நம்ம மண்டபம் கேம்ப்புலதான் இருந்துச்சு, கொச்சிக்குப் போனது அப்புறம். இந்த ரெண்டு ஜர்னலும் அந்த நிலையத்தை ஒட்டி வந்தது, அதனால பழைய தொகுதியைப் புரட்டினா பாம்பன், கீழக்கரை, தொண்டின்னு நம்ம ஊர்ப் பேரா வரும். வேற எந்த ஜர்னல் விட்டுப்போனாலும் இந்த ரெண்டுல ஒரு இதழ் கூட விடக்கூடாதுங்கிறது என் வைராக்கியம்.

வார இதழுக்கு ஒரு எச்சரிக்கை. அட்டைல போட்டிருக்குற தேதி வேற, கடைக்கு வர்ற தேதி வேற, பல வார இதழ் அட்டைத் தேதிக்கு முன்னாடியே கைக்கு வந்துடும். கோஹாவுல "பப்ளிஷ்டு ஆன்", "எக்ஸ்பெக்டட் ஆன்"னு ரெண்டு தேதி தனித்தனியா இருக்குறது இதுக்குத்தான், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இதழ் வந்ததும் பதியுறது

இந்தக் கரையில பேப்பர் வந்து சேர்றதே ஒரு காரியம்தான். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்காமப் போனப்ப, ஓடுற ரயில்ல இருந்து வீசுற பேப்பர் கட்டைப் பொறுக்கி ஊருக்குள்ள கொண்டுபோய்ப் போட்ட பையன்தான் பின்னாடி குடியரசுத் தலைவர் ஆன அப்துல் கலாம். இப்ப எங்களுக்கு தபால்காரண்ணன் பதினோரு மணி வாக்குல வருவாரு. நான் வச்சிருக்குற ஒரே சட்டம், அவரு கொடுத்த கட்டு அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கோஹாவுல ஏறிடணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு மேஜைல வச்சா யாராவது எடுத்துப் படிக்கப் போயிடுவாங்க, அப்புறம் வந்ததும் வராததும் ஒண்ணாயிடும்.

சீரியல்ஸ்ல ஐஎஸ்எஸ்என் போட்டுத் தேடி, சந்தாவைத் திறந்து "ரிசீவ்" அழுத்துங்க. எதிர்பார்க்குற இதழ் ஒரு வரியா நிக்கும், எக்ஸ்பெக்டட்னு. கையில இருக்குற இதழோட எண்ணும் அந்த வரியோட எண்ணும் ஒண்ணான்னு பாருங்க. ஒண்ணுன்னா அரைவ்டுன்னு மாத்துங்க, ஐட்டம் கேட்டா பார்கோடு போடுங்க, சேவ். அடுத்த இதழ் தானா எக்ஸ்பெக்டட்னு வந்து உக்காரும்.

ஒண்ணா இல்லைன்னா? இங்கதான் கவனம். ஆகஸ்ட் இதழை எதிர்பார்த்து நிக்குது, உங்க கையில இருக்குறது செப்டம்பர். எங்க லைப்ரரிக்குப் புதுசா வந்த தம்பி என்ன பண்ணினாருன்னா, வரியில இருந்த ஆகஸ்ட்டை அழிச்சுட்டு செப்டம்பர்னு டைப் பண்ணி அரைவ்டு போட்டுட்டாரு. பார்க்க சரியாத்தான் இருக்கும். ஆனா ஆகஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்ததுக்கு அடையாளமே இல்லாமப் போயிடுச்சு, என் பழைய ரிஜிஸ்டர்ல நடந்த அதே கதை, இப்ப கம்ப்யூட்டருக்குள்ள. அந்த மாதிரி சமயத்துல "ஜெனரேட் நெக்ஸ்ட்"னு ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்தணும். ஆகஸ்ட் லேட்டுன்னு மாறி அங்கேயே நிக்கும், செப்டம்பருக்குப் புது வரி வரும், அதை அரைவ்டு ஆக்குங்க. ஆகஸ்ட் அந்தக் கட்டத்துல உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கும், இருக்கணும்.

மூணு நாலு இதழ் ஒரே கட்டுல வந்தா "மல்டி ரிசீவிங்" இருக்கு, எத்தனைன்னு எண்ணிக்கை கொடுத்தா வரிசையா அத்தனையும் ரிசீவ் பண்ணிடும். ஆனா அது கண்ணை மூடிக்கிட்டு வரிசையா பண்ணும், நடுவுல ஒண்ணு இல்லைன்னாலும் அதுக்குத் தெரியாது. கட்டைப் பிரிச்சு எண்ணை ஒவ்வொண்ணா பார்த்து, ஒண்ணும் விட்டுப்போகலைன்னா மட்டும் அதைத் தொடுங்க.

தீபாவளி மலர், ஆண்டு மலர் மாதிரி கணக்குல வராதது வந்தா வழக்கமான வரியில ஏத்தாதீங்க, கீழ சப்ளிமென்டல் இஷ்யூன்னு தனி வரி இருக்கும். அதுல "தீபாவளி மலர் 2024"-ன்னு எழுதுங்க, வழக்கமான எண் ஓட்டம் கலையாது.

வராத இதழைத் துரத்துறது

க்ரேஸ் பீரியட் தாண்டினதைத் தானா லேட் ஆக்குறதுக்கு சர்வர்ல ஒரு க்ரான் ஜாப், அதாவது குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடுற வேலை, ஓடணும், சீரியல்ஸ்அப்டேட்னு பேரு. இதைக் கட்டளையா ஓட்டும்போது மைனஸ் சி (-c) சேர்க்கலைன்னா எதையும் மாத்தாது, உங்களுக்கு கோஹா போட்டுக் கொடுத்தவரைக் கேட்டு ராத்திரி ராத்திரி இது ஓடுதான்னு உறுதி பண்ணிக்கோங்க. இது ஓடலைன்னா நான் மேல சொன்னதுல பாதி வேலை செத்துப் போயிடும்.

நான் ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலைல க்ளெய்ம்ஸ் பக்கத்தைத் திறப்பேன். வெண்டர் பேரைத் தேர்ந்தெடுத்தா லேட், மிஸ்ஸிங், ஏற்கெனவே கேட்டது எல்லாம் வரிசையா வரும். கேக்க வேண்டியதுக்கு டிக் போட்டு, நோட்டீஸ் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்பினா ஏஜென்டுக்கு மெயில் போயிடும், அந்த இதழ் க்ளெய்ம்டுன்னு மாறும், எத்தனை தடவை கேட்டோம், என்னைக்குக் கேட்டோம்னு பதிவாகும். டெம்ப்ளேட்டை டூல்ஸ்ல நோட்டீசஸ்ல ஒரு தடவை எழுதி வச்சுக்கோங்க, தமிழ்லயே எழுதலாம்: "கீழ்க்காணும் இதழ்கள் இன்னும் வந்து சேரவில்லை, தயவுசெய்து அனுப்பி வைக்கவும்"னு ரெண்டு வரி போதும். ஏஜென்ட் மெயில் பார்க்காத ஆளுன்னா பட்டியலை சிஎஸ்வி-யா இறக்கி வாட்ஸ்அப்ல போடுங்க, ஆனா கோஹாவுலயும் க்ளெய்ம்டுன்னு மாத்துங்க.

ஸ்டேட்டஸ் விஷயத்துல சோம்பல் படக்கூடாது. மிஸ்ஸிங் வேற, நாட் இஷ்யூடு வேற. பதிப்பாளர் அந்த மாசம் இதழே போடலைன்னா அது நாட் இஷ்யூடு. போட்டு நமக்கு வராம இருந்தா மிஸ்ஸிங், அதுலயே ஸ்டாக் தீர்ந்துபோச்சா, கிழிஞ்சு வந்துச்சா, தொலைஞ்சுபோச்சான்னு தனித்தனியா போடலாம். வருசக் கடைசில ஏஜென்ட்கிட்ட பேசும்போது இந்த வித்தியாசம்தான் நமக்குக் கை கொடுக்கும். 24 இதழுக்குக் காசு கட்டினோம், 22 வந்துச்சு, ரெண்டு மிஸ்ஸிங், ஒவ்வொண்ணுக்கும் மூணு தடவை கேட்டிருக்கோம், இதோ தேதின்னு ஒரு பேப்பரை நீட்டினா யாரும் எதிர்த்துப் பேச முடியாது, ஒண்ணு காசைக் கழிப்பாங்க இல்ல சந்தாவை நீட்டிப்பாங்க. ஆடிட்ல கேட்டாலும் இதே பேப்பர்தான்.

ரினியூவலுக்கு ரொம்பச் சொல்ல ஒண்ணும் இல்லை. பெரும்பாலான ஜர்னல் ஜனவரி டு டிசம்பர், நம்ம பட்ஜெட் ஏப்ரல் டு மார்ச், இந்த இழுபறியில டிசம்பர்ல முழிச்சா ஜனவரி பிப்ரவரி இதழ் போயிடும். செப்டம்பர்லயே "செக் எக்ஸ்பிரேஷன்"ல டிசம்பர் 31-ன்னு தேதி கொடுத்துப் பாருங்க, முடியப்போறது எல்லாம் வரும், அதை பிரின்ட் எடுத்து பிரின்சிபால்கிட்ட கொண்டுபோங்க. பணம் கட்டினதும் பழைய சந்தாவுலயே ரினியூ அழுத்துங்க, புதுசா ஒண்ணு போடாதீங்க. நின்னுபோன பத்திரிகைன்னா, 2020-ல கல்கி அச்சுல வர்றது நின்ன மாதிரி, சந்தாவை க்ளோஸ் பண்ணுங்க. டெலீட் பண்ணவே கூடாது, டெலீட் பண்ணினா வந்த இதழோட வரலாறும் சேர்ந்து போயிடும்.

பைண்டிங்கும் பழைய தொகுதியும்

நம்ம ஊர் உப்புக்காத்துக்கு ஸ்டேப்ளர் பின் தாங்காது. ரெண்டு மழைக்காலம் போனா பின் துருப்பிடிச்சு, நடுப்பக்கத்துல காவிக் கறை இறங்கி, அந்த இடத்துலேயே பேப்பர் மொறுமொறுன்னு ஒடியும், விரல் வச்சா நடுத்தாள் கையோட வந்துடும். அதனால வருசம் முடிஞ்ச ஜர்னலை ரொம்ப நாள் லூஸா வைக்காதீங்க. தொகுதி முழுசா இருக்கான்னு சீரியல் கலெக்ஷன் பக்கத்துல ஒரு தடவை பார்த்துட்டு, குறையுறதைக் கேட்டு வாங்கிட்டு, பைண்டர்கிட்ட பின்னைப் பிடுங்கிட்டு நூல் தையல் போடச் சொல்லுங்க.

கட்டி வந்ததும் அதே ரெக்கார்டுல புது ஐட்டம் ஒண்ணு போட்டு, இதழ் எண் எழுதுற கட்டத்துல "தொகுதி 71, 2024, எண் 1–4"-ன்னு எழுதி, புது பார்கோடு ஒட்டுங்க. அப்புறம் அந்த நாலு லூஸ் ஐட்டத்தையும் பேட்ச் ஐட்டம் டெலிஷன்ல போட்டு எடுத்துடுங்க, யாராவது கடன்ல வச்சிருக்காங்களான்னு முன்னாடியே பார்த்துட்டு. சந்தாவுல அரைவ்டுன்னு இருக்குற வரியைத் தொட வேண்டாம், அது வந்ததுக்குச் சாட்சி, அப்படியே இருக்கட்டும்.

கோஹா வர்றதுக்கு முன்னாடி வாங்கின பழைய தொகுதியை ஒவ்வொரு இதழா ஏத்தணும்னு அவசியம் இல்லை. சந்தா ஃபார்ம்ல மேனுவல் ஹிஸ்டரின்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டா வந்தது ஒரு கட்டம், விட்டுப்போனது ஒரு கட்டம்னு கையாலயே எழுதலாம். இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸுக்கு நான் எழுதி வச்சிருக்குறது, வந்தது "தொகுதி 41–49, 51–56, 1994–2002, 2004–2009", விட்டுப்போனது "தொகுதி 50, 2003". பழைய கார்டெக்ஸ் அட்டையை ஒவ்வொண்ணா எடுத்து, ராக்குல இருக்குற தொகுதியோட ஒத்துப் பார்த்துத்தான் இதை எழுதணும், அட்டையை மட்டும் நம்பி எழுதாதீங்க, அட்டைல இருக்கும் ராக்குல இருக்காது. எங்களுக்கு இதுக்கு மட்டும் ஒரு தடைக்காலம் முழுக்க ஆச்சு, அந்தத் தங்கச்சிமடத்துப் பொண்ணும் லீவு நாள்ல வந்து ஏணில ஏறி மேல் தட்டு தொகுதியெல்லாம் வாசிச்சுச் சொல்லுச்சு, நான் டைப் பண்ணினேன். ஐம்பதாம் தொகுதியை இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.